மருந்துக்குப் போனவர்

அன்பு மகனுக்கு,

நான் சுகம், நீயும் சுகமாய் இருக்க வேண்டும் என்று எழுதித்தான் எல்லோரும் கடிதம் தொடங்குவார்கள். எனக்கு இந்தமுறை அந்தப் பொய் வேண்டாம். எட்டு நாளாய் ஒழுங்கான நித்திரை இல்லை, காரணம் நீதான். எட்டு நாளுக்கு முன் தொலைபேசியில், பெட்டி அடுக்கிக்கொண்டே, கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல ஒரு வசனம் சொன்னாய். "அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தா அப்பா இண்டைக்கும் இருந்திருப்பார், என்னம்மா?" சொல்லிவிட்டு, கையுறை எத்தனை சோடி கொண்டுபோவது என்று கதைக்கத் தொடங்கிவிட்டாய். நான் "ம்" என்றேன். அதற்குப் பிறகு நீ என்ன கதைத்தாய் என்று எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

இன்னும் மூன்று கிழமையில் நீ கப்பல் ஏறுகிறாய். தென் துருவக் கண்டத்து ஆய்வு நிலையத்தில் போய் இறங்கினால் பிறகு பத்து மாதத்துக்குக் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. அதில் பல கிழமை சூரியன் எழும்பவே எழும்பாது. இருபது பேருக்கும் குறைந்த ஆட்கள், ஒரு கட்டிடம், வெளியே இருட்டு. நான் உன்னிடம் சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் சொல்ல வெளிக்கிட்டால் முதலில் உன்மேல் கோபிப்பேன், பிறகு அழுவேன், கடைசியில் நீ என்னைத் தேற்றுவாய். இந்த விஷயத்தில் நீ என்னைத் தேற்றக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். மல்லாவித் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போடுவேன். நம்பிக்கையில்லாமல் இதே தாள்களை நானே படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புவேன். எது முந்தி வந்தாலும் சரி, கப்பல் ஏறமுன் வாசி.

உன் வேலையை எனக்கு விளங்கப்படுத்திய நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். போன வருடம் நீ வந்து நின்றபோது, குசினியில் நான் மீன் வெட்ட, நீ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாய். அங்கே மாரிகாலம் முழுக்க இருட்டு என்றாய். விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே காற்று அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்து, வழமையில் முகிலே கட்டாத இடத்தில் முகில் கட்டுமாம். அது வெறும் தண்ணீர் முகில் இல்லை. நைத்திரிக்கமிலமும் சேர்ந்து உறைந்த முகில். சிப்பியின் உட்பக்கம்போல நிறம் காட்டும், பார்க்க அவ்வளவு வடிவு என்றாய். வடிவு என்று நீ சொன்னபோதே எனக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு அந்த மணிகள் பாரமாகி மெல்ல மெல்லக் கீழே இறங்கும்போது, மேலே இருந்த நைதரசன் சேர்வைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும் என்றாய். ஒரு காலத்தில் பழைய பிரிஜ்களிலிருந்து உலகம் விட்ட குளோரீன் இன்னும் அங்கே இருக்கிறது. அதை அடக்கிப் பிடித்து வைத்திருக்கக் கூடியது நைதரசன்தான். பிடித்திருக்க வேண்டிய ஆளும் இறங்கிப் போய்விட்டால் குளோரீன் அவிழ்த்துவிட்ட மாடுதான். "ஆனா இருட்டிலை அது பெரிசா ஒண்டும் செய்யாதம்மா. காத்துக்கொண்டு நிக்கும். வசந்தத்திலை முதல் வெயில் படேக்கைதான் ஓசோனைத் தின்னத் தொடங்கும். சில கிழமையிலை அந்த உயரத்திலை ஓசோன் எண்டு ஒண்டும் மிஞ்சாது." நான் கத்தியைக் கீழே வைத்தேன். "வெயில் வந்தாப் பிறகோ?" "ஓம், வெயில் வந்தாப் பிறகுதான்." நீ கத்தரிக்காய் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெடியன்போலச் சந்தோஷமாய் இருந்தாய்.

எங்களுக்கு வசந்தம் என்று ஒரு காலம் கிடையாது. மாரி இருக்கிறது, கோடை இருக்கிறது, காலபோகம், சிறுபோகம் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் முதலில் நின்று வாசித்தது, சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அரசாங்கம் அபிவிருத்தி வேலைக்கென்று தெருவோரத்தில் நட்டிருந்த பெயர்ப்பலகைகளில்தான். உனக்கு அப்போது பதினாறு வயது. புதுத் தார், புது மின்கம்பம், பலகையெல்லாம் வசந்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தடுப்பு முகாமில் இருந்தவர்கள், இந்தியாவுக்குப் போயிருந்தவர்கள். செல் குண்டு விழுந்த காலத்தில் நான் ஒருநாளும் உடைந்தவள் இல்லை. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவே நேரம் சரியாய் இருந்தது. எல்லாம் அடங்கி, பளிச்சென்று வெயில் எறித்த ஒரு மத்தியானம், நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், கிணற்றுக் கட்டில் போய் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதற்குப் போய் இருந்தேன் என்பதை உனக்கு விரித்து எழுதத் தேவையில்லை. மாடு கத்தியது, வைக்கோல் போடவில்லை என்று நினைவு வந்தது, எழும்பிப் போனேன்.

அதனால்தான் நீ "இருட்டு பழகிப்போகும் அம்மா" என்று சொல்லும்போது நான் இருட்டுக்குப் பயப்படவில்லை. அது முடிந்து வெயில் வருகிற கிழமைகளுக்குத்தான் பயப்படுகிறேன். போகமுன் உடம்பைப் பரிசோதித்தவர்கள் மனதையும் பரிசோதித்தார்களாம், மனதில் ஏதும் பாரம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். "ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்று சிரித்தாய். அது நடந்து ஒரு கிழமை ஆகவில்லை, காய்ச்சல் கதையைச் சொல்கிறாய். ஐந்து வயதில் வந்த காய்ச்சலை முப்பது வயது தாண்டியும் கையுறையோடு சேர்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகிறாய். அதை வெளியே எடுக்க வேண்டியவள் நான். உள்ளே வைத்தவளும் நான்தான்.

இனிச் சொல்கிறேன். உன் அப்பா உனக்கு மருந்து வாங்கப் போகவில்லை. யூரியா வாங்கப் போனார். அவரைக் கிளப்பி அனுப்பியது நான்.

அந்தச் சண்டை வருடங்களில் வன்னிக்குள் யூரியா வர அரசாங்கம் விடாது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று எத்தனையோ தடை, அதில் இதுவும் ஒன்று. பயிருக்கு எறிகிற அதே வெள்ளை மணியைக் கொண்டு குண்டும் செய்யலாம் என்பதுதான் காரணம். யூரியாவுக்குள் இருப்பதும் உன் நைதரசன்தான். ஒரே நைதரசன் ஓரிடத்தில் காவல்காரன், இன்னோரிடத்தில் கள்ளன் என்று நீ பெரிய விஷயமாய்ச் சொன்னாய். நாங்கள் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, சோதனைச் சாவடியில் படித்தோம்.

அந்தக் காலபோகம் வவுனிக்குளத்து வாய்க்காலை நம்பி இரண்டு ஏக்கர் விதைத்திருந்தோம். ஒரு மாதத்துப் பயிர், கிளைவிட்டுப் பச்சை கட்ட வேண்டிய நேரத்தில் மஞ்சளாய் நின்றது. வரம்புக்கு அந்தப் பக்கம் நாகலிங்கத்தாரின் வயல் கரும்பச்சை. அவர் முன்கூட்டியே எங்கேயோ யூரியாப் பசளை ஒளித்து வைத்திருந்தார். காலையில் எழும்பினால் என் கண் அந்தப் பச்சையில்தான் விழும். எனக்கு வயிறு எரியும். பட்டினி வரும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட எரிச்சல்தான் கூட. நான் என்னை நல்லவளாய்க் காட்ட இதை எழுதவில்லை, அதனால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்.

உன் அப்பா அவசரப்படாத மனிசன். "இன்னும் நாலு நாள் பொறுத்துப் பாப்பம். இடிமழை ஒண்டு விழுந்தாப் பயிர் தானாய் எழும்பும்" என்றார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். குறைத்து எழுதினால் இந்தக் கடிதம் எழுதியே பிரயோசனம் இல்லை. "இஞ்சாருங்கோ, நீங்கள் வானத்தைப் பாத்துக்கொண்டு குந்தியிருங்கோ. நாகலிங்கத்தார் ஆம்பிளை. அதுதான் அவரின்ரை வயல் பச்சையாய் நிக்குது." அவர் எழும்பிப் போய்ச் சைக்கிளுக்குக் காற்று அடித்தார்.

வவுனியாப் பக்கம் காட்டோரக் கிராமம் ஒன்றில் ஒருவர் யூரியாவை உப்புப் பையில் போட்டுக் கொடுக்கிறார் என்று ஊருக்குள் கதை இருந்தது. உப்பு என்று சொல்லிக் கொண்டுவந்துவிடலாம், நாக்கில் வைத்துப் பார்த்தால் மட்டும்தான் பிடிபடும். வெறும் உப்புப் பைகள் இரண்டை உதறி மடித்துக் கொடுத்தது நான். வாங்கிக் கரியரில் வைத்தார். "பின்னேரத்துக்குள்ளை வந்திடுவன்" என்றார். வரவில்லை. மிதிவெடியா, துப்பாக்கிச் சூடா, பிடித்துக்கொண்டு போனார்களா, போனால் யார், ஒன்றும் இன்றுவரை தெரியாது. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்தநாள் விடிய வாய்க்காலில் முகம் கழுவும்போது நாகலிங்கத்தாரின் மனைவி கேட்டார், "எங்கை பிள்ளை, அவரைக் காணேல்லை?" யூரியா என்ற சொல்லை வாயில் எடுக்க முடியாது. வெளியே தெரிந்தால் உயிரோடு வருகிற மனிசனையும் யாராவது பிடித்துக்கொண்டு போவார்கள். "மருந்துக்குப் போயிட்டார்" என்றேன். எங்கள் ஊரில் பயிருக்கு அடிக்கிறதும் மருந்து, வெடிக்குள் அடைக்கிறதும் மருந்து, ஆஸ்பத்திரியில் தருகிறதும் மருந்து. எதை நினைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, சின்னவனுக்கோ? காய்ச்சலே?" நான் "ஓம்" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒரு "ஓம்" தான். ஆனால் பொய்யைச் சொன்னால் போதாது, அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும். மத்தியானம் அவர் உனக்கென்று மல்லித்தண்ணி அவித்துக்கொண்டு படலையடியில் வருவதைக் கண்டேன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பாயில் கிடத்தினேன். துணியொன்றை நனைத்து உன் நெற்றியில் போட்டேன். "அசையாதை" என்றேன். நெற்றியில் ஈரத்துணி கிடந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது என்று எத்தனை தரம் என்னிடம் சொல்லியிருக்கிறாய். அந்தத் துணி உண்மை, அப்பன். காய்ச்சல்தான் பொய். அதுவும் அப்பா போன அன்று இல்லை, அடுத்தநாள் நான் போட்ட நாடகம். நீ சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. நாகலிங்கத்தாரின் மனைவி போகும்வரைக்கும் அசையாமல் கிடந்தாய்.

அப்பா போய் நாலாம் நாள் இடிமழை விழுந்தது. மின்னி மின்னி இரண்டு மணித்தியாலம் பெய்தது. அந்தக் கிழமைக்குள் எங்கள் பயிர் மஞ்சள் மாறி எழும்பிவிட்டது. நீ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒருதரம் கேட்டேன், மின்னலில் பசளை இருக்கிறதா என்று. ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியாது. மின்னல் காற்றிலுள்ள நைதரசனை உடைத்து மழையோடு மண்ணுக்கு இறக்குவது உண்மைதான் என்றாய். "ஆனா அது கொஞ்சம்தான் அம்மா. மிச்சம் ஏற்கெனவே மண்ணிலை கிடந்தது, மழையோடை எழும்பியிருக்கும்." நீ சரியாய்த்தான் சொல்லியிருப்பாய். வானத்திலிருந்து வந்தால் என்ன, மண்ணுக்குள் கிடந்தால் என்ன, அவர் கேட்டது நாலு நாள். நான் அதைக் கொடுக்கவில்லை. அந்தமுறை விளைச்சல் நன்றாக இருந்தது. அந்த நெல்லைக் குத்தி நானும் தின்றேன், உனக்கும் தீத்தினேன்.

பிறகு சண்டை முடிந்து, காணாமற்போனவர்களைப் பதிகிற படிவம் வந்தது. வீட்டை விட்டு வெளிக்கிட்ட காரணம் என்று ஓரிடம் இருந்தது. உன் கையெழுத்து வடிவென்று எழுத உன்னிடம்தான் தந்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். யூரியா என்று எழுதினால், குண்டுக்குச் சாமான் கொண்டுபோனவர் என்று அவரைக் கோப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அது பாதிக் காரணம். அனுப்பியது நான் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்தது மற்றப் பாதி. நான் வாய் திறக்காமல் நிற்க, "மகனுக்கு மருந்து வாங்க" என்று நீயே எழுதினாய். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. பரீட்சைப் பயம் என்றாய், நான் நம்பினதுபோல இருந்துவிட்டேன்.

உலகத்தில் படிக்க எவ்வளவோ இருக்க, நீ நைதரசனைப் படிக்கப் போகிறேன் என்றபோது, யாரோ உனக்குச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, உனக்கு ஒன்றும் தெரியாது, அதுவாகத் தேடி வந்திருக்கிறது. இன்னொருநாள் சொன்னாய், வயலில் கூடுதலாய் யூரியா எறிந்தால் ஒரு பகுதி வாயுவாய் மேலே போய், நூறு வருடத்துக்கு மேல் கரையாமல் நின்று, உயரத்தில் அதுவும் ஓசோனை அழிக்கும் என்று. தடை எடுபட்டு, பாதை திறந்து யூரியா தாராளமாய் வந்த முதல் போகம் நான் என்ன செய்தேன் தெரியுமா? சொன்ன அளவைவிட இரண்டு மடங்கு எறிந்தேன். பயிருக்கு எறியவில்லை, ஆத்திரத்தில் கை கையாய் எறிந்தேன். பயிர் கொழுத்துச் சாய்ந்தது. "நான் போட்டதும் அங்கை வந்திருக்குமோ?" என்று கேட்டேன். "ஓம் அம்மா, கொஞ்சம் வந்திருக்கும்" என்று சிரித்தாய். நான் செத்தபிறகும், நீ கிழவனான பிறகும் அது அங்கே நிற்கப் போகிறது. நீ அதற்கு நேர் கீழே போய் நிற்கப் போகிறாய்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டாய், கேட்கவும் கூடாது. நான் ஒருவரைப் போகச் சொல்லியே இவ்வளவும். உன்னிடம் கேட்பது வேறு. மனதைப் பரிசோதித்தவர்களிடம் திரும்பப் போய், ஒன்றும் இல்லை என்று சொன்னது பொய் என்று சொல். அதற்காக உன்னைக் கப்பலில் ஏற்றாமல் விட்டால் விடட்டும், அடுத்த வருடம் போகலாம். ஏற்றினால், அங்கே உன்னோடு இருக்கிற ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லி வை. வெயில் திரும்பி வருகிற கிழமைகளில் தனியாய்த் திரியாதே. எல்லோரும் வெளியே ஓடிப்போய்ச் சூரியனைப் பார்த்துக் கூத்தாடும்போது, உனக்குள் என்ன நடக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னோடு கோபம் என்றால் கோபி, ஏசு, வாயில் வந்தபடி ஏசு. நீ ஏச வேண்டியதைத்தான் ஏசுவாய். நான் அழைத்தால் தொலைபேசியை எடுக்காமல் மட்டும் விடாதே. மன்னிப்பு நான் கேட்கவில்லை. அதைக் கேட்டால் இன்னொரு பாரத்தை உன் தலையில் வைத்ததாகப் போகும்.

இனி உனக்குக் கொடுக்க வேண்டிய ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை நான் இவ்வளவு வருடமும் ஒளித்து வைத்திருந்தேன். அவர் போன நாள் நீ எப்படி இருந்தாய் என்பது அது. அப்பா சைக்கிளை எடுக்க, நீ ஓடிப்போய்ப் பாரில் ஏறிவிட்டாய். இறங்கு என்றேன், இறங்கவில்லை. "விடு, மதவடியிலை இறக்கிவிடுறன்" என்றார். உன்னை முன்னால் வைத்து வாய்க்கால் கரையால் மிதித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் நீ திரும்பி ஓடிவந்தாய். மேலில் சட்டை இல்லை, முழங்கால்மட்டும் சேறு, சிரிப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு. "அப்பா என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. என்னை இறக்கிவிட்டிட்டு, கையை ரண்டையும் விட்டிட்டுச் சைக்கிள் ஓடிக் காட்டினவர்" என்றாய். நீயும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாய். நான் உன்னைப் பிடித்து நிறுத்தி, சீலைத் தலைப்பால் உன் முகத்தைத் துடைத்துவிட்டேன். உன் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது, ராசா.

உன் அம்மா